முடிச்சா என்ன தருவ?

குழந்தை படிப்பதற்குப் பரிசு கொடுக்கலாமா என்று பேச்சு எடுத்தால் பெற்றோர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது லஞ்சம். படிப்பது அவன் கடமை, அதற்கு எதற்குக் கூலி என்பார்கள். இன்னொரு கட்சி, "நீங்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போவீர்களா?" என்று கேட்டு வாயை அடைக்கப் பார்க்கும்.

சம்பளக் கேள்வி கேட்கும்போது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. கொஞ்சம் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. வேலையை நாமாகத் தேர்ந்தெடுத்தோம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தை ராஜினாமா கடிதம் கொடுக்க முடியாது. அதோடு, நமக்கு யாரும் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனித்தனியாகக் காசு எண்ணித் தருவதில்லை. அப்படித் தந்தால் நாம் எப்படிப்பட்ட மின்னஞ்சல்களை, ஒரு நாளைக்கு எத்தனை எழுதித் தள்ளுவோம் என்று நினைத்துப் பாருங்கள்.

கடமைக் கட்சியோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. படிப்பின் பலன் பத்துப் பதினைந்து வருடம் கழித்து வருவது. அவ்வளவு தூரத்துக்குப் பெரியவர்களுக்கே பார்வை எட்டுவதில்லை. நாளைக்குக் காலையில் எழுந்து நடந்தால் உடம்புக்கு நல்லது என்று தெரிந்தும் போர்வையை இழுத்துக்கொள்கிற ஆட்கள்தானே நாம். ஏழு வயதுக் குழந்தையிடம் "உன் எதிர்காலத்துக்குத்தான்" என்றால் அது தலையை ஆட்டும். உள்ளே ஒன்றும் போயிருக்காது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டும் இரண்டு தினுசு. அவர்களோடு தினமும் மல்லுக்கட்டியதிலும், இது பற்றிக் கையில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்ததிலும் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகப் பட்டது. பரிசு தரலாமா, என்ன பரிசு, எவ்வளவு என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். இந்தக் குழந்தை ஏன் செய்யாமல் இருக்கிறது, மனம் இல்லையா, இல்லை முடியவில்லையா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பது, தண்ணீர் குடிக்க எழுவது, தலை வலிக்கிறது என்பது, நோட்டைத் தூக்கி எறிவது. முடியாத குழந்தையும் இதையேதான் செய்யும், மனமில்லாத குழந்தையும் இதையேதான் செய்யும். ஒரு குழந்தை "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதைவிட "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வது சுலபம். பிடிக்கவில்லை என்பதில் மானம் போவதில்லை.

என் மகன் பின்னக் கணக்கு வந்த வருடம் இப்படித்தான் ஆனான். கணக்கு நோட்டை எடுத்தாலே சண்டை. சோம்பேறி, விளையாட்டுப் புத்தி என்று வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு பட்டம் கொடுத்தார்கள். அவனுக்கு உயிரான வீடியோ கேமில் அரை மணி நேரம் கூடுதல் என்று சொன்னேன். கண் மின்னியது, ஓடி வந்து உட்கார்ந்தான். முதல் கணக்கிலேயே நின்றுவிட்டான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ எழுதி அழித்தான், அப்புறம் அழுகை. அந்த அரை மணி நேரத்தை அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு ஆசையும் போதவில்லை என்றால் குறை ஆசையில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. பகுதிகள் வேறுவேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிக்கொண்டிருந்தான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று அவன் கணக்குச் சொன்னது. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அரையைவிடக் குறைவாக வருமா என்று கேட்டதும் திகைத்துப் போனான். அதற்கும் அடியில் வாய்ப்பாடு ஆட்டம் கண்டிருந்தது. இந்த இடத்தில் அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக ஏற்றியிருந்தால் அழுகைதான் இரட்டித்திருக்கும்.

அதனால் பரிசை நான் முதலில் ஒரு சோதனையாகத்தான் பார்க்கிறேன். குழந்தை உண்மையிலேயே விரும்பும் ஒன்றைக் காட்டியும் வேலை நகரவில்லை என்றால், பரிசை நிறுத்திவிட்டுப் பாடத்தைப் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரிகிறதா, எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே சிக்கலா, போன வருடப் பாடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று. நகர்ந்துவிட்டால் சரி, குறை மனதில்தான், அதற்குப் பரிசு உதவும்.

இதைப் பெரிய அளவில் பார்த்தவர் ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார அறிஞர். அமெரிக்காவில் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன், டல்லஸ் ஆகிய 4 நகரங்களின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பணம் கொடுத்துப் பார்த்தார். யாருக்குத் தருவது, யாருக்குத் தராமல் விடுவது என்பதைப் பள்ளிவாரியாகக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. முடிவுகள் 2011-இல் வந்தன. சிகாகோவில் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கிரேடுக்குப் பணம்: 'ஏ' வாங்கினால் 50 டாலர், 'பி'க்கு 35, 'சி'க்கு 20. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம். டல்லஸில் திட்டம் வேறு மாதிரி. 2-ஆம் வகுப்புக் குழந்தை ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றிக் கணினியில் வரும் சின்னக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் 2 டாலர்.

மதிப்பெண்ணுக்கும் கிரேடுக்கும் கொட்டிய பணம் தேர்வு மதிப்பெண்களை நகர்த்தவே இல்லை. டல்லஸில் 2 டாலருக்குப் புத்தகம் படித்த குழந்தைகளில், ஆங்கிலத்தில் தேர்வு எழுதியவர்களின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. நியூயார்க் பிள்ளைகளிடம் "இன்னும் அதிகப் பணம் கிடைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். கேள்வியைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்கிற மாதிரி, பரீட்சைக் கூடத்தில் செய்யும் உத்திகளையே சொன்னார்கள். பாடத்தை உட்கார்ந்து படிப்பேன், புரியாததை ஆசிரியரிடம் கேட்பேன் என்கிற பதில்கள் அவர்களிடமிருந்து வரவில்லை. பணத்தின் மேல் ஆசை இருந்தது. மதிப்பெண் எந்த வழியாக வருகிறது என்பது தெரிந்திருக்கவில்லை.

நாம் போடுகிற ஒப்பந்தங்களில் பாதி இந்த நியூயார்க் ரகம். "கணக்கில் தொண்ணூறு எடு, கேட்டதை வாங்கித் தருகிறேன்." தொண்ணூறு குழந்தையின் கையில் இல்லை. கேள்வித்தாள் எப்படி வருகிறது, அன்றைக்குக் காய்ச்சலா, திருத்துகிறவர் தாராளமா கறாரா என்று எத்தனையோ அதில் கலந்திருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் பத்துக் கணக்குப் போடுவதும், தப்பானவற்றைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் முழுக்க முழுக்கக் குழந்தையின் கையில் இருக்கிறது. பரிசு தருவதென்றால் அதற்குத் தர வேண்டும். எண்பத்தெட்டு வாங்கி வந்து நிற்கிற பிள்ளையிடம் இரண்டு மார்க்குக்காகப் பேச்சு மாறுகிற வீட்டின் சூழ்நிலையை நான் உறவுக்காரர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அந்தத் தவணை முழுக்க உழைத்திருந்தான்.

டல்லஸ் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஸ்பானிஷ் மொழியில் தேர்வு எழுதிய குழந்தைகளின் வாசிப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. பணத்துக்காக ஆங்கிலப் புத்தகங்களைப் படித்தது அவர்களுடைய ஸ்பானிஷ் வாசிப்பைப் பாதித்திருக்கலாம். பிறகு ஹூஸ்டனில் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஒவ்வொரு பகுதியைத் தேறுவதற்கும் 2 டாலர் என்று கொடுத்தபோது கணக்கு ஏறியது, வாசிப்பு இறங்கியது. குழந்தையிடம் இருக்கிற நேரமும் தெம்பும் அளவானவை. எங்கே பரிசைக் கட்டுகிறோமோ அங்கே அவை போகும். வேறு எங்கிருந்தோ எடுத்துத்தான் போகும். கணக்குக்கு மட்டும் நட்சத்திரம் ஒட்டுகிற வீட்டில் மொழிப்பாடம் என்ன ஆகிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது.

இனி எதிர்த் தரப்பு. பரிசு குழந்தையின் ஆர்வத்தையே கொன்றுவிடும் என்று சொல்கிறவர்கள் வழக்கமாகக் காட்டுவது 1973-இல் வந்த ஆய்வை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழ். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா பரப்பி வைத்து, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்த்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசிய குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு எந்தச் சேதாரமும் இல்லை.

எங்கள் வீட்டில் இதன் சின்னப் பதிப்பு ஒன்று நடந்தது. மகள் விடாமல் படம் வரைகிற ரகம். அதைப் பார்த்து மனம் குளிர்ந்த என் மாமியார், படம் ஒன்றுக்கு ஒரு நாணயம் என்று அறிவித்துவிட்டார். பாட்டியின் உண்டியல் திறந்த அன்றிலிருந்து உற்பத்தி பிரமாதம். ஒரு தாளை எட்டாக மடித்துக் கிழித்து, எட்டிலும் ஒரு வட்டம், இரண்டு கண். "இது என்னடி படம்?" என்று பாட்டி கேட்டால், "சிரிக்கிற பையன், இது சிரிக்காத பையன்" என்று விளக்கம். நாணயம் தீர்ந்ததும் வரைவதும் நின்றது. கொஞ்ச நாள் கழித்துத்தான் பழையபடி தரையில் படுத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். ஆசையாக நடக்கிற ஒன்றுக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்று என் மாமியாருக்கு நான் எந்த ஆய்வையும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு "பரிசே கூடாது" என்று ஓடுவது அவசரம். அந்தக் குழந்தைகளுக்கு வரைவது முதலிலேயே பிடித்திருந்தது. ஏழாம் வாய்ப்பாடு யாருக்கு முதலிலேயே பிடித்திருக்கிறது? எட்வர்ட் டெசியும் கூட்டாளிகளும் 1999-இல் இப்படிப்பட்ட 128 பரிசோதனைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். டெசி, பரிசுகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற உளவியலாளர் முகாமின் மூத்தவர். அவர்கள் கணக்கிலும், முன்கூட்டிப் பேசிக் கையில் கொடுக்கும் பரிசு, சுவாரசியமான வேலைகளில்தான் ஆர்வத்தைக் குறைத்தது. சலிப்பான வேலைகளில் அந்தச் சேதாரம் தெரியவில்லை. இல்லாத ஆர்வத்தை எப்படிக் குறைப்பது, யோசித்தால் நியாயம்தானே.

இதிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட எல்லைக்கோடு எளிது. வாய்ப்பாடு, கையெழுத்துப் பயிற்சி, எழுத்துப்பிழைப் பட்டியல் போன்ற வறட்டு வேலைகளுக்குப் பரிசு உண்டு. கதைப் புத்தகம் படிப்பதற்கு, அறிவியல் செய்முறைக்கு, கேள்வி கேட்பதற்குக் கிடையாது. படிக்கவே பிடிக்காத, இன்னும் தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டுகிற குழந்தை என்றால் கொஞ்ச காலம் வாசிப்புக்கும் தரலாம். அந்த நிலையில் வாசிப்பு அதற்குச் சுவாரசியமான வேலையே இல்லை. சரளமாகப் படிக்கத் தொடங்கி, கதை உள்ளே இழுக்க ஆரம்பித்ததும் பரிசு சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். படித்த புத்தகத்தை எண்ண ஆரம்பித்தால் குழந்தை மெலிந்த புத்தகமாகத் தேடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது, கணக்குப் போடத் தெரிந்த குழந்தை.

பரிசு எப்போது கைக்கு வருகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் பாதி விஷயம். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் முதலானோர் சிகாகோ பகுதிப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கணினியில் தேர்வு தொடங்கும் நேரத்தில்தான், போன முறையைவிட நன்றாகச் செய்தால் பரிசு என்று அறிவிப்பார்கள். தேர்வு முடிந்த உடனே கையில் கொடுத்தால் மதிப்பெண் கூடியது. அதே பரிசு ஒரு மாதம் கழித்துத்தான் என்றபோது எந்தப் பலனும் இல்லை. சின்ன வகுப்புக் குழந்தைகளுக்குப் பணம்கூடத் தேவைப்படவில்லை, மலிவான ஒரு வெற்றிக் கோப்பையே வேலை செய்தது.

இதில் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது வேறொன்று. பரிசு அறிவித்ததற்கும் தேர்வுக்கும் நடுவில் படிக்க நேரமே இல்லை. அப்படியிருந்தும் மதிப்பெண் கூடியது என்றால், அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, வழக்கமான நாளில் முழு மனதோடு எழுதவில்லை, அவ்வளவுதான். "இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று முடிவு கட்டுகிற சில தேர்வுத் தாள்களில் தெரியாதது எவ்வளவு, அக்கறை இல்லாதது எவ்வளவு என்று தாளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தால், எட்டு வயதுக் குழந்தையிடம் ஆண்டுத் தேர்வுக்கான பரிசை ஜூனில் பேசி மார்ச்சில் தருவது ஏறக்குறைய பேசாமல் இருப்பதற்குச் சமம். இன்றைய வேலைக்கு இன்றே, முடிந்தால் அந்தச் சாயங்காலமே. வாரக் கடைசி என்பதே சின்னக் குழந்தைக்குத் தூரம். பத்து வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம்.

நடைமுறையில் செய்வது எப்படி என்று கேட்டால், எங்கள் வீட்டில் ஓடிய அட்டை மிகச் சாதாரணமானது. ஒரு தாளில் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு வேலை, முடித்தால் அதில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவோம். என்ன வேலை என்பதை மூன்றாவது ஆள் பார்த்தாலும் முடிந்ததா இல்லையா என்று சொல்லும்படி எழுதுவோம். "ஒழுங்காகப் படித்தல்" என்று எழுதினால் தினமும் நீதிமன்றம் கூட்ட வேண்டும். "ஏழாம் வாய்ப்பாட்டைப் பார்க்காமல் ஒரு முறை எழுதிக் காட்டுதல்" என்றால் வழக்கு இல்லை. தொடக்கத்தில் வேலை நிச்சயமாகச் செய்து முடிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். முதல் சில நாள் பரிசு கிடைக்காத குழந்தை அந்த அட்டையை வெறுக்க ஆரம்பித்துவிடும், பிறகு அது சுவரில் தொங்கும் இன்னொரு திட்டு.

ஒட்டிய நட்சத்திரத்தைப் பிடுங்குவதில்லை. இதில் நான் பிடிவாதம். தங்கையை அடித்தால் அதற்கு வேறு விசாரணை. காலையில் உழைத்துச் சம்பாதித்ததைச் சாயங்காலம் வேறு குற்றத்துக்காகப் பறித்தால், அடுத்த நாள் உழைக்க அவனுக்கு என்ன நம்பிக்கை இருக்கும்?

பரிசுக்குப் பெரிய பொருள் தேவையில்லை. டேவிட் பிரேமக் என்ற உளவியலாளர் 1959-இல் காட்டிய ஒரு விஷயத்தைப் பாட்டிமார்கள் எல்லாக் காலத்திலும் செய்து வந்திருக்கிறார்கள்: அதிகம் பிடித்த வேலையை, குறைவாகப் பிடித்த வேலைக்குப் பின்னால் வைப்பது. அவர் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் பின்பால் என்ற பந்து விளையாட்டு எந்திரத்தையும் மிட்டாய் தரும் எந்திரத்தையும் வைத்தார். விளையாட்டுப் பிரியர்கள், மிட்டாய் சாப்பிட்டால்தான் ஆட விடுவோம் என்றபோது வழக்கத்தைவிட அதிகம் மிட்டாய் சாப்பிட்டார்கள். மிட்டாய்கூட ஒருவருக்குப் பரிசு, ஒருவருக்கு வேலை. அதனால் என்ன பரிசு என்பதை நாம் முடிவு செய்யாமல், சும்மா விட்டால் அந்தக் குழந்தை எதை நோக்கி ஓடுகிறது என்று பார்த்தால் போதும். என் மகனுக்கு அது வீடியோ கேம். மகளுக்கு அப்பாவோடு இரவில் மொட்டை மாடியில் பத்து நிமிடம். முதல் வேலை முடிந்த பிறகு இரண்டாவது வரும் என்கிற வரிசையை மட்டும் வைத்தால் பாதி நாள் பரிசு என்ற பேச்சே எழாது.

காசு வேண்டாம் என்பது என் கட்சி. யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு 50 கேள்விகள் கொடுத்தார்கள். சரியான பதிலுக்கு மிகச் சொற்பமான காசு என்று சொல்லப்பட்டவர்கள், காசே பேசாதவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். நல்ல தொகை பேசப்பட்டவர்கள் அதிகமாகச் செய்தார்கள். காசு நடுவில் வந்துவிட்டால் "இவ்வளவுதானா?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அந்த ஏலத்தில் பெற்றோர் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏலம் காசில்லாமலும் தொடங்கும். சில வாரம் ஆனதும் குழந்தை சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்கச் சொன்னால்கூடத் திரும்பிப் பார்த்து, "எடுத்து வச்சா என்ன தருவ?" என்று கேட்கும். கோபப்பட வேண்டியதில்லை. வியாபாரம் சொல்லிக் கொடுத்தது நாம்தான், அது எவ்வளவு தூரம் செல்லுபடி ஆகும் என்று குழந்தை பார்க்கிறது. "அட்டையில் இருப்பதற்கு மட்டும்தான்" என்று ஒரே குரலில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தால் சீக்கிரமே நின்றுவிடுகிறது. இன்றைக்குத் தலைவலி என்று ஒரு நாள் நாம் விட்டுக்கொடுத்தால் நிற்காது.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அட்டைகளும் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றின் நட்சத்திரத்தை மற்றொன்றோடு எண்ணிப் பார்க்கக் கூடாது. மகள் தானாகவே வீட்டுப்பாடம் முடிக்கிறவள். "நான் கேட்காமலே செய்யறேன், எனக்கு ஒண்ணுமில்ல, அவனுக்கு மட்டுமா?" என்று கேட்டாள். கேள்வியில் தப்பே இல்லை. அவளுக்குக் கஷ்டமான வேறொன்றை, பேச்சுப் போட்டிக்கு எழுந்து நிற்பதை, அவள் அட்டையில் எழுதினோம். இதைவிட நல்ல தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை.

பொருள் வேண்டாம், பாராட்டினால் போதுமே என்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கிளாடியா முல்லரும் கெரல் டுவெக்கும் 1998-இல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், அதன் பிறகு மறுபடி முதல் சுற்று அளவுக்கு எளிதானவை. புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் கடைசிச் சுற்றில் முதல் சுற்றைவிட மோசமாகச் செய்தார்கள், முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னேறினார்கள். வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது புத்திசாலிகளில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி. அதற்காக மூச்சுக்கு மூச்சு "முயற்சி, முயற்சி" என்று ஜபிப்பதும் எனக்குப் பிடிக்காது. தப்பான கணக்கைப் பார்த்து "நல்ல முயற்சி" என்றால் குழந்தைக்கே சிரிப்பு வரும். "மூன்றாவது வரியில் பகுதியைச் சமமாக்கினாய் பார், அங்கேதான் கணக்கு சரியானது" என்றால் நாம் நோட்டைப் படித்திருக்கிறோம் என்று தெரியும்.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் (ஏ.டி.எச்.டி.) உள்ள குழந்தைகளின் கதை தனி. அந்தப் பெற்றோர்களிடம் "பரிசு கொடுத்துக் கெடுக்காதீர்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அந்தக் குழந்தைகளுக்குத் தள்ளிக் கிடைக்கும் பலன் மற்றவர்களைவிட இன்னும் வெகு தூரத்தில் தெரிகிறது. உடனுக்குடன், அடிக்கடி, தெளிவாகக் கிடைக்கும் பரிசு அவர்களுக்கான சிகிச்சை முறைகளில் ஒரு முக்கியப் பகுதி. ஆறு வயதுக்கு உட்பட்ட இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோருக்கு நடத்தைப் பயிற்சி கொடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியே பரிந்துரைக்கிறது. அங்கே அட்டை மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஓடலாம். பரிசு பழையதாகி அலுத்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வீடுகளில் பெற்றோருக்குத்தான் தனி அட்டை போட்டு நட்சத்திரம் ஒட்ட வேண்டும்.

மற்ற வீடுகளில் அட்டைக்கு ஒரு முடிவுத் தேதி தொடங்கும்போதே இருப்பது நல்லது. வாய்ப்பாடு வரும் வரை, இந்தத் தவணை முடியும் வரை என்று. அதற்கு முன்பே இடைவெளியை நீட்டலாம்: தினமும் என்பதை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆக்கி, அப்புறம் வாரம் ஒரு முறை. வாய்ப்பாடு மனதில் நின்றதும் கணக்கு வேகமாக முடிகிறது, வேகமாக முடிந்தால் விளையாட நேரம் கிடைக்கிறது. அந்த நேரமே அடுத்த நாளுக்கான பரிசு. என் மகனின் அட்டையில் கடைசி இரண்டு வரிசை இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டு ஒட்ட மறந்துபோனான், நானும் நினைவுபடுத்தவில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் செல்லாது. அங்கே பொதுத்தேர்வு, பெரிய பொருள், பெரிய பேச்சு. மார்க்கோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று சொன்னால், "அப்போ ஒன்றுமே வாங்கித் தரக் கூடாதா?" என்று என் தோழி கேட்டாள். அவள் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்குவதாக இருந்தார்கள். எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள், கல்லூரிக்குத் தேவை. கடைசித் தேர்வு எழுதி வீட்டுக்கு வருகிற அன்றே, முடிவுகள் வருவதற்கு முன்னால் கொடுத்துவிடு என்றேன். அவள் கணவருக்கு இது ஒப்பவில்லை, மார்க் தெரியாமல் எப்படி என்றார். வருடம் முழுக்க அவள் உழைத்ததை நீங்கள் பார்க்கவில்லையா என்று தோழி கேட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டார்கள். முடிவு வருவதற்குள் அந்தப் பெண் அதில் காணொளி தொகுக்கக் கற்றுக்கொண்டு அப்பாவின் பழைய கல்யாண வீடியோ நாடாவைக்கூடத் தொகுத்துவிட்டாள் என்று கேள்வி.